மாட்டாஸ்பத்திரிக்கு மட்டும் போகாதீங்க என்றாய்

தம்பிக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். "சிக்னல் கட்டாயிருச்சுடா" என்று உன் அம்மா உன்னிடம் சமாளித்திருப்பாள். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை. நான்தான் வைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் வாயில் வரக்கூடாத வார்த்தை ஏதாவது வந்திருக்கும். தலை நரைக்கிறவரை திருச்சி, புதுக்கோட்டை ரூட்டில் கண்டக்டராக நின்று கத்தினவன் நான், எனக்கு மெதுவாகத் திட்டத் தெரியாது. எழுதினால் கை வலியிலாவது கோபம் அடங்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. பரவாயில்லை, படி.

நீ என்ன கேட்டாய்? நீயும் மருமகளும் கனடா போகிறீர்கள். விசா வந்துவிட்டது. சந்தோஷம், நல்லபடியாகப் போய் வாருங்கள். கல்யாணமாகி பெங்களூரில் தனிக்குடித்தனம் வைத்த கையோடு ஒரு நாய்க்குட்டி வாங்கினீர்களே, மிலோவோ என்னமோ, உடம்பெல்லாம் சடை தொங்குகிற தங்கக் கலர் நாய், அதை என்ன செய்வது? "ரெண்டே வருசம்ப்பா. கீரனூர்ல ஒங்ககிட்ட இருக்கட்டும். செலவெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றாய். நான் முடியாது என்றேன். அதற்கு நீ, "ஏம்ப்பா, ராக்ஸி இருந்துச்சுல்ல? அதைப் பாத்துக்கிட்டீங்கள்ல?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். எந்த வாயால் அந்தப் பேரைச் சொன்னாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ராக்ஸி எங்களிடம் இருந்தாள் என்று உனக்குத் தெரியும். எப்படி இருந்தாள், எப்படிப் போனாள் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன், பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்று. இப்போது நீ இன்னொரு நாயோடு வாசலில் வந்து நிற்கப் போகிறாய். இனி உன் மனசைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நாயின் கதி என்னாவது?

கொரோனாக் காலத்தில் ஆபீசை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். பொழுது போகவில்லை என்று திருச்சியில் போய் ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி வந்தாய். கறுப்பாக, கொழுகொழுவென்று, நடந்தால் பின்னங்கால் முன்னங்காலைத் தட்டிவிட்டுக் கீழே விழும். "வீட்டுக்குள்ள நாயா?" என்று குதித்தவள் உன் அம்மா. ஒரு வாரம் குதித்தாள். அப்புறம் தயிர்ச்சாதத்தைப் பிசைந்து கையால் ஊட்டினவளும் அவள்தான். நீ ராக்ஸி என்று பேர் வைத்தாய். "வாயில நொழையிற பேரா வைக்க மாட்டியாடா?" என்று சொல்லிவிட்டு அவள் ராக்காயி என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெருவே ராக்காயி என்றது. நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏம்மா கேவலப்படுத்துற?" என்றாய். அந்த நாய் ராக்ஸிக்குத் திரும்பவில்லை, ராக்காயிக்குத்தான் திரும்பிப் பார்த்தது. சோறு போடுகிறவள் வைத்த பேர்தானே நிலைக்கும்?

அப்புறம் ஆபீஸ் திறந்தார்கள். நீ பெங்களூர் போனாய். வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார், வேறு வீடு பார்த்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். பார்த்தாய், வீடு மேல் வீடு பார்த்தாய். கல்யாணத்துக்கும் வீடு பார்த்தாய். ராக்காயிக்கு மட்டும் பெங்களூரில் இடமே கிடைக்கவில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். பொய் சொல்லக் கூடாது, எங்களுக்கும் அவள் இல்லாமல் முடியாது என்று ஆகிப்போயிருந்தது. நீ அவ்வப்போது மூட்டை மூட்டையாகத் தீனி ஆர்டர் போட்டு அனுப்புவாய். கொரியர் பையன் கேட்டுக்குள் வரப் பயந்து தெருவிலிருந்தே வீசிவிட்டுப் போவான். அந்தத் தீனியை அவள் மோந்து பார்த்துவிட்டு உன் அம்மா முகத்தைப் பார்ப்பாள். பாதி மூட்டையை எதிர்வீட்டுப் பிள்ளை ஆரோக்கியத்தின் கோழிகள்தான் தின்று தீர்த்தன.

இவ்வளவு செய்தாயே, ஒரு டாக்டரைக் காட்டிவிட்டுப் போனாயா? குட்டியாக இருந்தபோது திருச்சியில் ரெண்டு ஊசி போட்டாய். அந்த அட்டை எங்கே என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த ஊசி எப்போது, பூச்சி மருந்து எப்போது, உண்ணி பிடித்தால் என்ன செய்வது, ஒரு நாள் சாப்பிடாமல் படுத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, எதுவும் பேசவில்லை. நாய் நன்றாக இருக்கிறபோது யாருக்குத்தான் டாக்டர் ஞாபகம் வருகிறது? பஸ் ஓடுகிறவரை ஓனருக்கும் எஃப்.சி. ஞாபகம் வராது. வருஷா வருஷம் வண்டியை ஆர்.டி.ஓ.விடம் காட்டி, டயர், பிரேக், பாடி எல்லாம் சரியென்று சர்டிபிகேட் வாங்கினால்தான் ரோட்டில் ஏற்ற முடியும். என் முதலாளி கலெக்‌ஷனில் கொஞ்சம் கொஞ்சமாக எஃப்.சி.க்கென்று எடுத்து வைப்பார். எதிர்க் கம்பெனிக்காரர் எடுத்து வைக்க மாட்டார், அந்த மாசம் வந்ததும் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டுக் கடனுக்கு ஓடுவார். இதையெல்லாம் உனக்குச் சின்ன வயசில் கதையாகச் சொன்னவன் நான். சொன்ன எனக்கே நாயும் ஓடுகிற வண்டிதான் என்று உறைக்கவில்லை.

நம்மூரில் கால்நடை மருந்தகம் இருக்கிறது. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பேரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மாட்டாஸ்பத்திரி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாட்டாஸ்பத்திரி. படியில் தொங்கிக்கொண்டு "மாட்டாஸ்பத்திரியெல்லாம் எறங்கு, மாட்டாஸ்பத்திரி எறங்கு!" என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். விசில் அடித்து இறக்கிவிட்ட ஸ்டாப் அது. மாட்டாஸ்பத்திரி என்றால் மாட்டுக்கு, ஆட்டுக்கு. நாய்க்கு இல்லை. அதிலும் திருச்சியிலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்த நாய்க்கு இல்லவே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பேரே சொல்லிக்கொடுத்துவிட்டது. கால்நடை என்று எழுதியிருக்கிறதே, நாயும் காலால்தானே நடக்கிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கும் இல்லை, படித்த உனக்கும் இல்லை.

பங்குனி மாசம். வெயில் ஏறிவிட்டது. ராக்காயி காலையில் வைத்த சோற்றைத் தொடவில்லை. சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். மூக்கு காய்ந்து கிடந்தது. காது மடலைத் திருப்பினால் உள்ளே உண்ணி. உன் அம்மா விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சாயங்காலமும் சாப்பிடவில்லை. உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

"மாட்டாஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்கப்பா. மாட்டுக்குப் போடுற ஊசியைப் போட்டு விட்டுருவாங்க. இது ப்ரீட் நாய், சென்சிட்டிவ். நான் திருச்சில நல்ல கிளினிக்கா பாத்து அப்பாயின்ட்மென்ட் போட்டுச் சொல்றேன்."

சரி என்றேன். நீ பார்த்தாய். எந்த கிளினிக்குக்கு எத்தனை ஸ்டார், யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாய். ஒரு கிளினிக்கில் நாளை மறுநாள்தான் நேரம் இருக்கிறது என்றாய். மறுநாள் முழுக்க நான் போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று மெசேஜ் வந்தது. ராக்காயி தண்ணீரைக்கூட நக்கவில்லை. ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்துப்போயிருந்தது. அன்று காலையில் ஆரோக்கியம் சினையாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

"அண்ணே, ராக்காயிக்கு முடியலையாமே. நான் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போறேன், அதையும் ஓட்டிக்கிட்டு வாங்களேன்."

"இது சாதி நாய் ஆரோக்கியம். இதுக்கு அங்கிட்டுப் பாக்க மாட்டாக. திருச்சி டாக்டர்தான் பாக்கணும்."

அந்தப் பிள்ளை ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உன் அம்மா மட்டும், "கூடப் போய்த்தான் கேட்டா என்னங்க? கேட்டா நாக்கு அவிஞ்சு போகுமா?" என்றாள். "ஒம் மவனே வேண்டாங்குறான், நீ என்னடி டாக்டரு?" என்று அவள் வாயை அடைத்தேன். உன் பேச்சைக் கேட்டு அவளை அடக்கினேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

அப்பாயின்ட்மென்ட் நாள் வந்தது. நம்மிடம் கார் ஏது? பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தெரிந்த கம்பெனி வண்டி, கண்டக்டர் என்னிடம் தொழில் கற்றவன். "நாயெல்லாம் ஏத்த முடியாதுண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான். எனக்குத் தெரியாததா? கூடையில் கோழி வைத்திருந்த கிழவியைக்கூட இறக்கிவிட்டவன் நான். அவன் மேல் கோபம் வரவில்லை. அப்புறம் வாடகைக் காருக்கு அலைந்தேன். முடி கொட்டும், நாற்றம் போகாது என்று ஆளாளுக்கு மறுத்தார்கள். கடைசியில் ஒருத்தர் சீட்டில் தார்பாய் விரித்துக்கொண்டால் வருகிறேன் என்றார். உன் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாத்தூர் தாண்டும்போது ராக்காயியின் மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. உன் அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் போய்வந்திருக்கிறேன், அன்றைக்குப் போல அது நீண்டு கிடந்ததில்லை.

அந்த கிளினிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓடிவந்து தூக்கினார்கள், ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் போட்டார்கள். டாக்டர் இளவயசுக்காரர், என் தோளைத் தொட்டு, "உண்ணிக் காய்ச்சல் சார். ரத்தத்துல அணுவே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். அன்றைக்குப் பொழுது சாய்கிறபோது ராக்காயி போய்விட்டாள். உன் அம்மா அழவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்" என்று மட்டும் சொன்னாள். கார்க்காரர் செத்ததை ஏற்ற மாட்டேன் என்று சொல்லுவாரோ என்று பயந்தேன். அவரே அவளைச் சுற்றத் தார்பாயை மடித்துக் கொடுத்தார்.

நீ வீடியோ காலில் வந்து அழுதாய். நிஜமாகத்தான் அழுதாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் உன் ஸ்டேட்டஸில் அவள் போட்டோவைப் போட்டு உடைந்த இதயம் ரெண்டு வைத்தாய். அது உன் அம்மா அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது நான் எடுத்து உனக்கு அனுப்பின போட்டோ. நீ உன் அம்மாவை வெட்டிவிட்டு நாயை மட்டும் போட்டிருந்தாய். ஓரத்தில் அவள் சேலை கொஞ்சம் தெரிந்தது. அவளும் அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் விழுந்திருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. இனிமேல் தெரியாதது.

சில மாசம் கழித்து ஆரோக்கியத்தின் ஆடு வயிறு உப்பிக் கிடந்தது. தூக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக மாட்டாஸ்பத்திரி வாசலுக்குள் காலை வைத்தேன். அத்தனை வருஷம் கத்தி இறக்கிவிட்ட ஸ்டாப்பில் நான் போய் நின்றது அன்றைக்குத்தான். வேப்பமரத்தடியில் வரிசை. ரெண்டு மாடு, நாலைந்து ஆடு. நடுவில் ஒரு பையன் மடியில் புசுபுசுவென்று வெள்ளை நாய். சாக்கில் சுற்றி ஒரு தெரு நாயைத் தூக்கி வந்திருந்தார் ஒருத்தர். சங்கிலி போட்ட பெரிய வேட்டை நாய் ஒன்று சுவர் ஓரமாக உட்கார்ந்து, ஆட்டைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கியது. வரிசையில் இருந்த நாய்களை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன்.

டாக்டர் பொம்பளைப் பிள்ளை. ஆட்டுக்குப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"டாக்டரம்மா, நாயும் பாப்பீங்களா?"

"பாப்போமே. தெனமும்தான் வருது. காலையில வந்துருங்க, மதியத்துக்கு மேல நான் ஊர் ஊராக் கேம்ப் போயிருவேன்."

"இந்த உண்ணிக் காய்ச்சல்னு சொல்றாகளே..."

"வெயில் காலத்துல அதுதான் ஜாஸ்தி. சாப்பிடலைன்னதும் அன்னைக்கே கொண்டு வந்துரணும். மாத்திரை குடுத்தா பெரும்பாலும் தேறிரும். சிலது தேறாது, அதையும் சொல்லிரணும்." கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "ஏன், ஒங்க நாய்க்கா?"

"இல்லங்க" என்றேன். "தெரிஞ்சவுக நாய்."

ஆரோக்கியம் பக்கத்தில்தான் நின்றது. ஆட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. உன் அம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைத் திட்ட மாட்டாள், அதுதான் பயம். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், தம்பி. தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

தேறியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை, அந்த டாக்டரம்மாவே சிலது தேறாது என்றுதானே சொன்னார். ஆனால் வாசலில் இருக்கிற ஆஸ்பத்திரியைத் தாண்டி ஸ்டாரைத் தேடிக்கொண்டு போனோமே, அதற்கு என்ன பேர்? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்று மாட்டுக்காரன் சொல்லுவான். நாம் வாலைக்கூடப் பிடிக்கவில்லை.

நேற்று நீ பேசின பிறகு மருமகள் எனக்குத் தனியாகப் போன் போட்டது. உனக்குச் சொல்லியிருக்காது. "மாமா, அவங்க பேசுனது தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன், கீரனூர்ல நாய் பாக்குற டாக்டர் இருக்காங்களா?" என்றது. இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் முதல் தடவையாக ஒரு ஆள் கேட்ட கேள்வி. அந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள். நான் திருப்பிக் கேட்டேன், "ஒங்க மிலோவுக்கு பெங்களூர்ல டாக்டர் யாரும்மா?" என்று. "ஆப்ல புக் பண்ணுவோம் மாமா, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள்தான் வருவாங்க" என்றது. அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, கேட்கவாவது தெரிகிறது. உனக்கு அதுவும் இல்லை.

அதனால் கேட்டுக்கொள். மிலோ யாரிடம் இருந்தாலும் சரி, உங்களோடு கனடா வந்தாலும் சரி, முதலில் டாக்டர். நாய் நன்றாக இருக்கும்போதே அழைத்துக்கொண்டு போய் முகத்தைக் காட்டு. நடந்தோ வண்டியிலோ உடனே போகிற தூரத்தில் ஒருத்தர், அவர் இல்லாத நாளில் யார் என்று இன்னொருத்தர். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா, போன் எடுப்பாரா, ஆபரேஷன் என்றால் அவரே செய்வாரா, வேறு இடத்துக்கு எழுதிக் கொடுப்பாரா என்று வாயைத் திறந்து கேள். நம்ம டாக்டரம்மா பெரிய கேஸ் என்றால் ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாராம், அதையும் அன்றைக்கே கேட்டு வந்தேன், யாருக்காகக் கேட்டேன் என்று தெரியாமலே. அங்கே எப்படிப் போவது, நாயை ஏற்றுகிற வண்டிக்காரர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவை. ஊசி போட்ட அட்டையை நாயை வைத்திருக்கிறவர் கையில் கொடு. உன் போனில் போட்டோவாக இருந்து யாருக்கு லாபம்? மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்குகிற காய்ச்சல் மாத்திரையை உடைத்து நாய்க்குப் போடாதே, அது அதற்கு விஷமாம்.

செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, என்ன செலவு என்று தெரியுமா உனக்கு? தீனியும் சோப்பும்தான் தெரியும். வருஷா வருஷம் வெறிநாய்க்கடி ஊசி, மற்ற ஊசி, பூச்சி மருந்து, வெயில் காலம் முழுக்க உண்ணி மருந்து. குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன். இதெல்லாம் வரும் என்று தெரிந்து வருகிற செலவு. தெரியாமல் வருகிறது வேறு, கல்லைக் கில்லை முழுங்கும், காலை ஒடித்துக்கொள்ளும். வயசானால் கண், இடுப்பு, கிட்னி என்று மனுஷனுக்கு வருகிற எல்லாம் அதற்கும் வரும். அதற்கு மாசாமாசம் தனியாக எடுத்துப் போட வேண்டும், நாய் துள்ளி விளையாடுகிற மாசத்திலும் எடுத்துப் போட வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவனாக இருக்காதே. சரி, காசு நீ அனுப்புவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அனுப்பின காசு நாயைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்குமா? வாயைப் பிளந்து மாத்திரை போடுமா? காசைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் தலையில் என்பதற்குத்தான் நீ செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பேர் வைத்திருக்கிறாய்.

அந்த மற்றதைச் செய்ய எங்களுக்கு உடம்பு இல்லை. படியில் நின்றே காலம் தள்ளினதில் என் முழங்கால் ரெண்டும் போய்விட்டது. உன் அம்மாவுக்குச் சர்க்கரை. அந்தச் சடை நாய் இந்த ஊர் வெயிலில் இளைக்கும். அது இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், நாங்கள் இருப்போமா? உன் ரெண்டு வருஷம் எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாதா? நேற்று நான் போனை வைத்த பிறகு உன் அம்மா ராக்காயியின் பழைய தட்டைத் தேடி எடுத்துக் கழுவிவைத்தாள். நான் பார்த்ததும், "சும்மா, கரப்பான் மேஞ்சு கெடந்துச்சு" என்றாள். அவளுக்கு இன்னொரு தடவை தாங்காது, தம்பி. அவள் சரி என்றுதான் சொல்லுவாள், அதனால்தான் நான் இல்லை என்கிறேன்.

கூட்டிக்கொண்டு போக முடியுமா பார். என்ன பேப்பர் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கே ஒரு டாக்டரிடம் போய்க் கேள். முடியாதென்றால், அதைச் சொந்தமாகவே வைத்துக்கொள்கிற ஒரு வீட்டைத் தேடு. திரும்பி வருவேன் என்று சொல்லிக் கொடுக்காதே. கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கொடு. கிளம்புகிறவரை அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய் உட்காரு, அவர்கள் கையால் அது சாப்பிடுகிறவரைக்கும் பக்கத்தில் இரு. மருமகளுக்கு இது புரியும்.

நீ பெங்களூர் கிளம்பின அன்றைக்கு வாடகைக் காரில் ஏறினதும் கண்ணாடியை ஏற்றிவிட்டாய். பார்த்தால் தாங்காது என்று ஏற்றியிருப்பாய். அதனால் நீ பார்க்கவில்லை. ராக்காயியின் கழுத்துப்பட்டையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்ததும் அவள் இழுத்த இழுப்பில் நான் தெருவில் விழுந்தேன். விழுந்தும் விடவில்லை, விட்டால் மெயின் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டுவிடுவாள். பட்டை கழுத்தை அறுக்க அறுக்க இழுத்தாள். மூச்சு முட்டி இருமினாள். என் கையைக் கடித்தாள். என்னை அவள் கடித்தது அந்த ஒரு தடவைதான். உன் வண்டிச் சத்தம் அடங்கினபிறகு அந்தக் கடித்த இடத்தையே நக்கிக்கொண்டு என் மேல் படுத்துக்கொண்டாள்.

நீ போவதற்காக இன்னொரு நாயின் கழுத்தை நான் பிடிக்க மாட்டேன்.

அப்பா